வகுப்பறைக்கு வந்த கருவிகள்



பேராக் மாநிலத்தில், தைப்பிங் நகரை அடுத்து இருக்கிறது கமுந்திங். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே அந்த இடத்திற்குக் கிளியான் பாரு என்று பெயர். புது லம்பம் என்று பொருள். ஈயம் தோண்டிய ஊர் அது. லம்பத்தில் தோண்டுவதைவிட, குழியில் ஊறும் தண்ணீரை இறைப்பதுதான் அங்கே பெரிய வேலையாக இருந்தது. மரச் சங்கிலியில் பலகைகளைக் கோத்துத் தண்ணீரை மேலே ஏற்றி வந்தார்கள். லாருட் வட்டாரத்திற்கு 1877ஆம் ஆண்டில் நீராவிப் பம்பு வந்தது. ஆனால் பம்பு வந்த அன்றே தண்ணீர் வற்றிவிடுமா? கொதிகலனுக்கு எவ்வளவு விறகு போடுவது, ஆவி மிஞ்சினால் என்ன செய்வது, வார் அறுந்தால் எப்படி மாட்டுவது என்பதெல்லாம் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆள் இல்லாத பம்பு வெறும் இரும்பு.

லம்பத்துக்குப் பொருந்தும் இந்த உண்மை பள்ளிக்கூடத்திற்கும் பொருந்தும். நம் தமிழ்ப்பள்ளிகளுக்குக் காலந்தோறும் புதுப்புதுக் கருவிகள் வந்தன. சிலேட்டு வந்தது, வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினி வந்தது, இப்போது கைத்தொலைபேசியும் வந்துவிட்டது. ஒவ்வொரு கருவி வந்தபோதும் அதன் முன் முதல் மாணவராக உட்கார்ந்தவர் ஆசிரியர்தாம். அவர் எப்படிக் கற்றுக்கொண்டார், யார் அவருக்கு உதவினார்கள், எங்கே அவர் தனியாக விடப்பட்டார் என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். இது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய கதையன்று. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, செம்பனைக் குலை அறுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கதை.

முதலில் மணலிலிருந்து தொடங்குவோம். நம் முன்னோர் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, அதிலே விரலால் எழுதிப் பழகினார்கள். கை தேர்ந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். மணலுக்குக் காசு வேண்டாம். தவறினால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். சென்னை எழும்பூரில் 1789ஆம் ஆண்டு ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இந்த முறையைக் கண்டார். தம் பள்ளியிலும் மணல் தட்டுகளை வைத்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் அதோடு சேர்த்து நடத்தினார். ஊர் திரும்பியதும் 1797இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் வழியாக இங்கிலாந்துப் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் மணலில் எழுதத் தொடங்கினார்கள். அந்த முறைக்கு அங்கே மதராஸ் முறை என்றே பெயர். ஆக, வகுப்பறைக் கருவி என்பது எப்போதும் மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்தது என்று எண்ண வேண்டாம். நம் திண்ணையிலிருந்தும் ஒன்று கப்பலேறிப் போயிருக்கிறது.

மலாயாவுக்கு வருவோம். ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் சிலரே. இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பேராக் மாநிலமும் அதற்குள் அடங்கும். சட்டத்தால் பள்ளிகள் எண்ணிக்கையில் பெருகின. ஆனால் எப்படிப்பட்ட பள்ளிகள்? பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, சில பலகைகள். ஆசிரியர் என்பவர் சில தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணி. சில தோட்டங்களில் அதே லயத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளி. பயிற்சி என்று ஒன்றும் கிடையாது.

அந்த ஒற்றை ஆசிரியர் முன்னே பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வரிசைக்கு எழுத்து, ஒரு வரிசைக்கு வாய்பாடு, ஒரு வரிசைக்குப் பாடநூல். அவர் கரும்பலகையைக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வார். ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு மறுபக்கம் போவார். சிலேட்டு அப்போது அவருக்குப் பெரிய துணை. பிள்ளைகள் எல்லாரும் விடையை எழுதிச் சிலேட்டைத் தூக்கிக் காட்டினால், யார் சரி, யார் தவறு என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தேவை சொல்லித் தந்தது. கருவியைத் தமக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளும் அறிவு நம் ஆசிரியர்களிடம் அன்றே இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

பிற்காலத்தில் தமிழ்த் தட்டச்சு இயந்திரமும் பள்ளிகளுக்குப் பயன்பட்டது. தமிழ்த் தட்டச்சை அமைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா. நம்மைப்போல் இந்த மண்ணுக்கு வந்த ஒருவர்தாம் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்க வழி கண்டார். தட்டச்சில் ஸ்டென்சில் தாளை அடித்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் மாட்டி உருட்டினால், ஐம்பது பிள்ளைகளுக்குத் தேர்வுத் தாள் தயார். அதுவரை கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டே தேர்வு நடத்தினார்கள். மையில் கறுத்த விரலோடு வகுப்புக்கு வந்த ஆசிரியர்களை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி வானொலி. போர் முடிந்து 1946ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ரேடியோ மலாயா தொடங்கியது. தமிழும் அதில் இடம் பெற்றது. 1948 முதல் 1960 வரை நெருக்கடிக் காலம். அந்நாளில் தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்குப் பொதுவானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசாங்கம் தன் செய்தியைச் சொல்வதற்காக வைத்த பெட்டி அது. ஆனாலும் வேலை முடிந்து வந்த மக்கள் அதன் வழியாகத்தான் உலகத்தைக் கேட்டார்கள். பிறகு கையடக்க டிரான்சிஸ்டர் வந்தது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி போதும் என்றானதும் வானொலி லயத்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பள்ளி ஒலிபரப்பும் வகுப்பறைக்கு வந்தது.

வானொலிப் பாடம் எப்படி நடந்தது என்பதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். வானொலி நிலையம் பாடத்தை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒலிபரப்பும். அந்த நேரத்திற்குள் பிள்ளைகள் அமர்ந்திருக்க வேண்டும். ஒருமுறை சொன்னதை வானொலி மறுமுறை சொல்லாது. கை தூக்கிக் கேள்வி கேட்டாலும் அதற்குக் கேட்காது. ஆகவே ஆசிரியர் முன்கூட்டியே வழிகாட்டிக் குறிப்பைப் படித்து, புதுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைத் தயார்ப்படுத்த வேண்டும். பாடம் ஒலிக்கும்போது முகங்களைக் கவனிக்க வேண்டும். முடிந்ததும் விளங்காததை எடுத்துச் சொல்ல வேண்டும். முன்னே ஒரு வேலை, நடுவே ஒரு வேலை, பின்னே ஒரு வேலை. வானொலி வந்ததால் ஆசிரியருக்கு ஓய்வு என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பெட்டியைத் திருப்பிவிட்டு வெளியே போன வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். கூடவே உட்கார்ந்து கேட்ட ஆசிரியரின் வகுப்பில் பாடம் நின்றது.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. நம் நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. நாட்டின் தொலைக்காட்சி வரலாற்றை மலாய் மொழியில் நூலாக எழுதிய பேராசிரியர் ரெ. கார்த்திகேசு நம் தமிழ் எழுத்தாளர்தாம் என்பது நமக்குப் பெருமை. கல்வித் தொலைக்காட்சி 1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆயினும் கடலைப் பார்த்திராத பிள்ளை கடலைப் பார்த்தது. இதயம் துடிப்பதையும் விதை முளைப்பதையும் கண்ணால் கண்டது. சொல்லால் விளக்க முடியாததைப் படம் விளக்கியது.

ஆனால் தோட்டப்பள்ளியின் நிலை என்ன? அன்று பல தோட்டங்களில் மின்சாரம் என்பது ஜெனரேட்டர் ஓடும் மாலை நேரத்து விளக்குதான். பள்ளி நடப்பதோ காலையில். பகலில் மின்சாரம் இல்லாத இடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி என்ன செய்யும்? கமுந்திங், தைப்பிங் பக்கத்தில் மலையும் ஒரு தொல்லை. தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போகும். மலை மறைத்தால் படம் தெளியாது. உயரமான கம்பத்தில் ஏரியல் கட்டித் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பாடம் ஒளிபரப்பாகும் நேரமும் பள்ளியின் கால அட்டவணையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வீடியோ நாடாவில் பதிவு செய்யும் கருவி வந்த பிறகே, பாடம் ஆசிரியரின் நேரத்துக்கு வந்தது.

இதற்கெல்லாம் பின்னே ஒரு பெரிய காரணம் இருந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் நின்ற நிலம் அரசாங்கத்தின் நிலமன்று, தோட்டத்தின் நிலம். ஆகையால் பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்தன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வரும். கட்டடம், மின் இணைப்பு, கூடுதல் அறை என்றால், நிலம் யாருடையது என்ற கேள்வி வந்து நிற்கும். ஒரு கருவியை வைக்கப் பூட்டுள்ள அறை இல்லாமலும், அதை இயக்க மின்கம்பி இல்லாமலும் பல பள்ளிகள் பின்தங்கியதற்கு இதுவே வேர். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிகள் 888 இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், குடும்பங்கள் ஊர்ப்புறம் குடியேறியதும், சிறு பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டதும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கியிருக்கின்றன.

பிற நாடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. பசிபிக் கடலில் உள்ள அமெரிக்க சமோவா தீவுகளில் 1964ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வழியே பள்ளிப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். பாடத்தின் முக்கியப் பகுதியைத் தொலைக்காட்சி ஆசிரியரே நடத்தினார். வகுப்பில் இருந்த உள்ளூர் ஆசிரியர் அவருக்கு உதவியாளர் போல ஆனார். சில ஆண்டுகளில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அதில் சலிப்பு ஏற்பட்டது. 1970களில் அந்த முறை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் வேறு விதமாக ஒரு சோதனை நடந்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அதில் ஒரு சிறப்பு உண்டு. பள்ளி விடுமுறைக் காலத்தில் அதே தொலைக்காட்சியைக் கொண்டு பல்லாயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பாடம் கற்பிக்கப் பயிற்சி தந்தார்கள். ஓரிடத்தில் கருவி ஆசிரியரை ஒதுக்கியது. மற்றோரிடத்தில் கருவி ஆசிரியரை வளர்த்தது. இந்த வேற்றுமையை நாம் மறக்கக் கூடாது.

நம் நாட்டிலும் ஆசிரியரை வளர்க்கும் முயற்சிகள் நடந்தன. 1983ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளிகளுக்குப் புதிய கலைத்திட்டம் நாடெங்கும் வந்தது. பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்து, அட்டை, படம், விளையாட்டு என்று பல துணைப்பொருள்களால் கற்பிக்கச் சொன்னது அது. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடித் துணைப்பொருள் செய்து பழகவும், கருவிகளை இரவல் பெறவும் வட்டாரந்தோறும் ஆசிரியர் நடவடிக்கை மையங்களும் ஏற்பட்டன. தனியாக ஒரு தோட்டத்தில் இருந்த ஆசிரியருக்கு, மற்றோர் ஆசிரியர் செய்வதைப் பார்ப்பதே பெரிய பயிற்சி. மாதம் ஒருமுறை ஒன்றுகூடியவர்கள், ஆண்டு முழுவதும் தனியாய் இருந்தவர்களைவிட வேகமாகக் கற்றார்கள்.

இப்போது கணினிக்கு வருவோம். கணினி வந்தபோது தமிழாசிரியருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருந்தது. பெட்டி இருக்கிறது, விசைப்பலகை இருக்கிறது; தமிழ் எழுத்து எங்கே? இந்தச் சிக்கலைத் தீர்க்க முன்வந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். 1980களின் நடுவிலேயே அவர் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அதன் வழி வந்த முரசு அஞ்சல் உலகத் தமிழர் பலரிடம் பரவியது. ஆனாலும் தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வோர் எழுத்துரு, ஒவ்வொரு விசை வரிசை. ஒரு பள்ளியில் அடித்த கேள்வித் தாளை இன்னொரு பள்ளியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். ஆசிரியர் இரவெல்லாம் உட்கார்ந்து அடித்தது அச்சுக்குப் போகுமுன் வீணாகும்.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த உலகத் தமிழர் கூடினார்கள். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை ஏற்கப்பட்டது. உயிரெழுத்து ஒரு பக்கம், மெய்யெழுத்து மறுபக்கம் என்று அது அமைந்தது. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று நாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே இலக்கணப்படி விரலும் நடக்கும். 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழும் இடம்பெற்று, அது கணினிகளில் பரவிய பிறகு, ஓரிடத்தில் அடித்ததை எங்கும் படிக்கலாம் என்ற நிலை வந்தது. இன்று ஒரு தாய் கைத்தொலைபேசியில் ஆசிரியருக்குத் தமிழில் இரண்டு வரி அனுப்புகிறார் என்றால், அதன் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

2003ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அதற்காக ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், சுவரில் படம் காட்டும் எல்.சி.டி. புரொஜெக்டரும், பாடங்கள் அடங்கிய குறுந்தட்டுகளும் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளுக்கும் அவை வந்தன. இங்கே ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளாகத் தமிழில் பின்னம் சொல்லிக் கொடுத்தவர், ஒரே நேரத்தில் இரண்டைக் கற்க வேண்டியிருந்தது. ஒன்று புதிய மொழி. மற்றொன்று புதிய கருவி. பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஆனால் சில நாள் பயிற்சியில் மொழியும் வருமா, கருவியும் வருமா? குறுந்தட்டைப் போட்டுவிட்டு, அது பேசுவதைப் பிள்ளைகளோடு சேர்ந்து தாமும் பார்த்தவர்கள் உண்டு. படத்தை நடுவில் நிறுத்தி, தமிழில் விளக்கி, மறுபடி ஓடவிட்டவர்களும் உண்டு. இரண்டாம் வகை ஆசிரியர்கள் பழைய வானொலிப் பாடத்தின் முறையைத்தான் கையாண்டார்கள். 2009ஆம் ஆண்டு ஜூலையில் அரசாங்கம் இந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. அதன்பின் படிப்படியாகத் தமிழ்ப்பள்ளிகளில் அந்தப் பாடங்கள் தமிழுக்குத் திரும்பின. மொழிக் கொள்கை போய்விட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் கணினியைத் தொட்டுப் பழகிய ஆசிரியரின் கை அப்படியே இருந்தது. அது ஓர் ஆதாயம்.

பிறகு இணையம் வந்தது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் நாட்டிலுள்ள எல்லாப் பள்ளிகளையும் இணையத்தால் இணைக்கவும், ஃபுரோக் என்ற கற்றல் தளத்தைக் கொண்டுவரவும் முனைந்தது. ஆசிரியர்கள் கடவுச்சொல் வாங்கி, பாடங்களை ஏற்றப் பழகினார்கள். 2019ஆம் ஆண்டின் நடுவில் அந்தத் திட்டம் முடிவுற்றது. கூகள் கிளாஸ்ரூம் வந்தது. 2020 ஜூனில் டெலிமா என்ற தளம் வந்தது. ஒன்றைப் பழகி முடிக்குமுன் இன்னொன்று. ஏற்கெனவே பதிவேடு, அறிக்கை, இணைப்பாட நடவடிக்கை என்று சுமை நிறைந்த ஆசிரியர், கற்றதை மறந்து புதிதாய்க் கற்க நேரத்தை எங்கே தேடுவார்? பெரும்பாலும் தம் வீட்டு நேரத்தில்தான் தேடினார்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோவிட் தொற்றினால் பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. அதுவரை கருவி என்பது பாடத்திற்குத் துணை. அன்று முதல் கருவியே வகுப்பறை ஆகிவிட்டது. அப்போது கல்வி அமைச்சு எடுத்த கணக்கு ஓர் உண்மையை வெளியே கொண்டுவந்தது. மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. நூற்றுக்கு முப்பத்தேழு பிள்ளைகள்! சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத இணைய அலை கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி இரவைக் கழித்த செய்தியை நாடே பார்த்தது.

தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய அடுக்குமாடி வீடுகளிலும் நிலைமை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் ஒரே தொலைபேசி. அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் போய்விடும். மூன்று பிள்ளைகள்; மூன்று வகுப்பு; ஒரே நேரத்தில் பாடம். தரவுக்குப் பணம் கட்ட வேண்டும். இந்த நிலையில் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? நேரலை வகுப்பு நடத்தினால் கால்வாசிப் பிள்ளைகள்கூட வரவில்லை என்று கண்ட பலர், பாடத்தைத் தம் குரலில் சிறு சிறு பகுதிகளாகப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அப்பா இரவில் வீடு திரும்பிய பிறகு பிள்ளை அதைக் கேட்கும். தொலைபேசியே இல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாளை அச்சடித்துப் பள்ளி வாசலில் வைத்தார்கள். பெற்றோர் வந்து எடுத்துச் சென்றார்கள். குரல் பதிவு என்பது என்ன? பழைய வானொலிப் பாடம்தான். அச்சடித்த தாள் என்பது என்ன? பழைய சைக்ளோஸ்டைல்தான். விலை உயர்ந்த கருவி கைவிட்ட இடத்தில் பழைய அறிவு கைகொடுத்தது. 2021 பிப்ரவரி 17ஆம் நாள் டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசை தொடங்கப்பட்டதும், இணையம் இல்லாத வீட்டை எண்ணித்தான்.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கருவி வருவது ஒரு நாள் வேலை. அதற்கு விழா எடுப்பார்கள், படம் பிடிப்பார்கள். அதைக் கையாளக் கற்பது பல மாத வேலை. அதற்கு விழா இல்லை. மின்சாரம் இருந்த பள்ளியில், கற்க நேரம் கிடைத்த ஆசிரியரிடம், சந்தேகம் கேட்க ஒரு தோழர் இருந்த இடத்தில் ஒவ்வொரு கருவியும் பயன் தந்தது. இம்மூன்றும் இல்லாத இடத்தில் அது அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அதனால் இழந்தது ஆசிரியர் மட்டுமன்று. அந்த ஆண்டு அந்த வகுப்பில் இருந்த பிள்ளை, அந்தப் பாடத்தைத் திரும்பப் பெறவே இல்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பள்ளிக்கு எத்தனை கணினி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கற்க ஆசிரியர்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டதா, பழுதானால் பார்க்க ஆள் உண்டா, கருவி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். சங்கத்தில் மின்வேலை தெரிந்தவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்து கம்பியைப் பார்த்துக் கொடுங்கள். கமுந்திங், ஈப்போ தொழிற்சாலைகளில் இயந்திரம் ஓட்டும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கணினி அறிந்த அண்ணனோ அக்காவோ மாலையில் ஒரு மணி நேரம் ஆசிரியருக்குத் துணை நின்றால், அது பெரிய உதவி. அதே போல் ஆசிரியர், தமக்குத் தெரியாத ஒன்றை மாணவனிடமே கேட்டுக் கற்றால் அது அவருக்கு இழுக்கன்று. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித் தந்த திண்ணைப் பள்ளி மரபு நம்முடையதுதானே.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற புதிய கருவி வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அது பலர் கைக்கும் எட்டிவிட்டது. கேட்டால் கட்டுரை எழுதித் தருகிறது. கணக்குப் போட்டுத் தருகிறது. சில வேளை தவறாகவும், தவறு என்று தெரியாதபடி அழகாகவும் சொல்கிறது. பிள்ளை அதைப் பார்த்து எழுதியதா, தானே சிந்தித்து எழுதியதா என்று கண்டுபிடிக்க, பிள்ளையை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். அவரும் இந்தக் கருவியைத் தொட்டுப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். மறுபடியும் அவர் முதல் மாணவராக உட்காரும் காலம் வந்துவிட்டது.

கிளியான் பாருவின் நீராவிப் பம்புகள் போய்விட்டன. லம்பங்கள் பல இன்று குளங்களாகக் கிடக்கின்றன. தோட்டத்துக் கொட்டகைப் பள்ளிகளில் பலவும் போய்விட்டன. ஆனால் அந்தக் கொட்டகைகளில் ஒரு சுண்ணக்கட்டியைக் கொண்டு பல வகுப்புகளை நடத்தியவர்களிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஆசிரியர்களாக, பொறியாளர்களாக, மருத்துவர்களாக இருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போகும்போது, ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "புதுக் கருவி வந்திருக்கிறதாமே ஐயா, அதைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு நாங்கள் என்ன உதவி செய்யலாம்?" அந்தக் கேள்வியை நம் பள்ளிகளில் இதுவரை கேட்டவர்கள் மிகக் குறைவு.